அண்ணாச்சியும் கற்றுக்குட்டியும்: மும்பையில் நடக்கும் ஒரு கூலிக்கொலைகாரன் கதையை எழுதுவது எப்படி

என் அப்பா தோல் வெட்டுகிறவர். தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், மேலே தகரம் போட்ட பட்டறை. ஊரிலிருந்து பையன்கள் வருவார்கள், பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கம். வந்தவனுக்கு முதல் ஆறு மாசம் கத்தி கிடையாது. கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும், சொல்யூஷன் தடவ வேண்டும், சாய் வாங்கி வர வேண்டும். ஏழாவது மாசம் ஒரு நாள் அப்பா முழுத் தோலை மேசையில் விரித்து, "தடவிப் பாருலே" என்பார். அப்போதும் கத்தி அவர் கையில்தான் இருக்கும். முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும், இழுத்தால் கொடுக்காது. வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று வரும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறின கோடு, சூடு போட்ட இடம் எல்லாம் முதலில் விரலுக்குத்தான் தெரியும், அப்புறம்தான் கண்ணுக்கு. அந்தத் தழும்பு பையின் உள்பக்கம் போய் ஒளிந்துகொள்கிற மாதிரி வெட்டத் தெரிந்தவன்தான் கட்டர்.

அப்பா யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பையன் ஒரு நாள் நன்றாக வெட்டினால், மறுநாள் இன்னும் விலையுள்ள தோலை அவன் முன்னால் போடுவார். அவ்வளவுதான். பையனுக்குப் புரிந்துவிடும்.

வயதான கூலிக்கொலைகாரர் ஒருவர் ஒரு பையனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிற நாவலை எழுத உட்கார்ந்தபோது, இரண்டு வருஷம் துப்பாக்கிகளைப் பற்றிப் படித்த குறிப்பு நோட்டுகள் எனக்கு உதவவில்லை. உதவியது அந்தப் பட்டறைதான். இன்னொன்றும் உதவியது. ஃபோர்ட்டில் செஷன்ஸ் கோர்ட்டில் ஆஜராகிற ஒரு கிரிமினல் வக்கீலிடம் 22 வருஷம் ஸ்டெனோவாக இருந்தேன். தமிழ் மட்டுமே தெரிந்த கட்சிக்காரர்களும் அவர்கள் அம்மாக்களும் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் அடிப்பது என் வேலை. இந்த இரண்டு இடத்திலும் கற்றதை வைத்து, இந்த மாதிரிக் கதையை எழுத நினைப்பவர்களுக்கு என்ன சொல்ல முடியுமோ அதைச் சொல்கிறேன்.

முதலில் வருஷம்

கதை எந்த வருஷம் நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, எழுதுகிற மேசைக்கு மேலே ஒட்டி வையுங்கள். கிழவர் பிறந்த வருஷத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். என் நாவலில் பெரியவர் பெயர் ஆசீர்வாதம், எல்லாருக்கும் அண்ணாச்சி. 1960இல் பிறந்தவர், 1979இல் வி.டி. ஸ்டேஷனில், அதாவது விக்டோரியா டெர்மினஸில், வந்து இறங்குகிறார். கதை நடப்பது 2024 மழைக்காலம். அப்போது அவருக்கு 64.

இந்தக் கணக்கைப் போட்டதும் ஊரின் சரித்திரம் தானாகவே அவர் உடம்பில் வந்து ஒட்டிக்கொள்ளும். அவருக்கு 22 நடக்கும்போது, 1982 ஜனவரி 11ஆம் தேதி, மன்யா சுர்வே என்ற கேங்ஸ்டர் வடாலாவில் போலீஸ் குண்டுக்கு விழுகிறான். பம்பாயின் முதல் என்கவுண்டர் என்று பலரும் அதைத்தான் சொல்வார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜனவரி 18, தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் துணி மில் ஸ்டிரைக் தொடங்குகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேலான தொழிலாளிகள் வெளியே வந்தார்கள். பல பேருக்குத் திரும்பிப் போக மில்லே இல்லாமல் போயிற்று. அந்த வீடுகளில் வளர்ந்த பையன்கள் சிலர்தான் பிறகு கேங்குகளுக்கு ஆள் ஆனார்கள். ஒரே வாரத்தில் இந்த ஊர் வறுமைக்கு ஒரு வாசலையும் துப்பாக்கிக்கு ஒரு வாசலையும் திறந்துவிட்டது. உங்கள் கிழவர் அந்த வாரம் எங்கே இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாவலில் அது வராவிட்டாலும் பரவாயில்லை.

பம்பாய்த் தமிழர்களைப் பற்றி எழுதும்போது பெரிய தாதாக்கள் இருவரின் பெயர்கள் வந்து நிற்கும். தூத்துக்குடியிலிருந்து வந்து வி.டி.யில் மூட்டை தூக்கிய வரதராஜ முதலியார், ராமநாதபுரம் பனைக்குளத்தில் பிறந்த ஹாஜி மஸ்தான். அவர்களைப் பாத்திரமாக்காதீர்கள் என்பது என் கட்சி. அவர்கள் வந்தால் கதை அவர்களுடையதாகிவிடும். நிழல் மட்டும் விழட்டும். மாடுங்கா ஸ்டேஷன் வாசலில் வரதராஜன் போட்ட பிள்ளையார் பந்தலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அண்ணாச்சி சுண்டல் வாங்கித் தின்றார் என்பது போதும்.

பிறகு 1995இல் பம்பாய் மும்பையாகிறது, அதே வருஷம் இந்தியாவில் கைப்பேசி வருகிறது. 1996இல் வி.டி., சத்ரபதி சிவாஜி டெர்மினஸ், அதாவது சி.எஸ்.டி. ஆகிறது, 2017இல் நடுவில் "மகராஜ்" சேர்ந்து சி.எஸ்.எம்.டி. அண்ணாச்சி சாகும்வரை "வி.டி." என்றுதான் சொல்வார். பையன் "சி.எஸ்.எம்.டி." என்பான். இந்தப் பெயர் வித்தியாசத்திலேயே இருவருக்கும் நடுவிலிருக்கிற வருஷங்களைக் காட்டிவிடலாம்.

இடத்திலும் அதே கவனம் வேண்டும். 2024 ஆகஸ்டில் சயான் ரயில்வே மேம்பாலத்தை இடிப்பதற்காக வண்டிகளுக்கு மூடிவிட்டார்கள். என் முதல் பிரதியில் செப்டம்பர் மாசத்தில் ஒரு டாக்ஸி அந்தப் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வரிக்காக ஒரு அத்தியாயம் முழுவதையும் திரும்ப எழுதினேன், டாக்ஸி வேறு வழியாகப் போனதால் அவர்கள் பத்து நிமிஷம் தாமதமாகி, அந்தப் பத்து நிமிஷத்தில் பேசிய பேச்சுதான் நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பேச்சாக அமைந்தது.

கிழவருக்கு ஒரு உடம்பு

இந்த வகைக் கதைகளில் வயதானவருக்கு நரைத்த தாடியும் சலிப்பும் மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையான முதுமை வேறு மாதிரி.

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருகிறது. கிட்டத்தில் இருப்பது மங்கும், எட்டத்தில் இருப்பது தெளிவாக இருக்கும். துப்பாக்கி நுனியிலிருக்கும் குறி முள், நீட்டிய கையின் தூரத்தில் இருக்கிறது. 64 வயதுக்காரருக்கு எதிரே நிற்கிற ஆளின் முகம் தெளிவாகத் தெரியும், குறி முள் மங்கிவிடும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் முள் தெரியும், முகம் கலங்கும். இதை நான் தெரிந்துகொண்டது என் அப்பா ஊசியில் நூல் கோக்கத் தடுமாறியதைப் பார்த்தபோது. அண்ணாச்சிக்கு ஏன் இப்போது ஒரு பையன் தேவைப்படுகிறான் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. பாசமோ வாரிசு ஆசையோ பிறகு வரட்டும், முதலில் கண்.

காது. வருஷக்கணக்கில் வெடிச் சத்தம் கேட்ட காதுக்கு முதலில் போவது மேல் ஸ்தாயி ஒலிகள். பெண்கள், குழந்தைகள் பேசுவது தேய்ந்து கேட்கும், உள்ளே எப்போதும் ஒரு ரீங்காரம். ஜூலை மழை தகரக் கூரையில் விழும்போது பையன் சொல்கிற பாதி வார்த்தை அவருக்கு எட்டாது. அவர் தலையாட்டுவார். பையன் சம்மதம் என்று நினைப்பான்.

மூத்திரம். இதை எழுதக் கூச்சப்படாதீர்கள். ஒரு ஆளுக்காக நாலு மணி நேரம் ஒரே இடத்தில் காத்திருப்பது இந்தத் தொழிலின் பெரும்பகுதி. பிராஸ்டேட் வீங்கின மனுஷனால் அது முடியாது. காத்திருப்பதில் கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர் சுலப் கழிப்பறை வாசலில் சில்லறையைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, காத்திருந்த ஆள் கடந்து போய்விடுகிறான். அந்தக் காட்சியை எழுதி முடித்தபோது எனக்கு அழுகை வந்தது.

நடுக்கம் வைப்பதானால் எந்த நடுக்கம் என்று முடிவு செய்யுங்கள். கை சும்மா மடியில் கிடக்கும்போது ஆடி, ஏதாவது பிடித்தால் குறைவது பார்க்கின்சன் வகை. சும்மா இருக்கும்போது அடங்கியிருந்து, டம்ளரைத் தூக்கும்போது ஆடுவது வேறு வகை. கட்டிங் சாயை அண்ணாச்சி ஏன் எப்போதும் பாதிக்கு மேல் ஊற்ற விடுவதில்லை என்று பையன் கவனிக்கிற இடம் என் நாவலில் உண்டு. அதற்கு இரண்டாவது வகைதான் பொருந்தும்.

பாடங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். வாசகர் இந்தக் கதைக்கு வருவதே இதற்காகத்தான்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு கைத்தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். தையல், நகைப்பட்டறை, இட்லிக் கடை, லாரி ஓட்டுவது, எதுவானாலும் சரி. அதில் ஒரு பையனை எப்படி வளர்த்தார்கள் என்று நினைவுபடுத்தி, மாசவாரியாக எழுதுங்கள். முதல் மாசம் என்ன தொடக்கூடாது, எதற்கு அடி விழுந்தது, எப்போது முதல் சம்பளம், எப்போது முதலாளி பெயர் சொல்லாமல் "நம்ம பையன்" என்று பிறரிடம் சொன்னார். பிறகு அந்த மாசங்களின் மேல் உங்கள் கதையை விரியுங்கள். கொலை செய்வது எப்படி என்ற செய்முறை எதுவும் வேண்டியதில்லை. நானும் வைக்கவில்லை, ஒரு வாசகரும் கேட்கவில்லை.

என் நாவலில் பையன் பெயர் இசக்கி. அவனுக்கு அண்ணாச்சி சொல்லித்தருகிற முதல் பாடம் சாய்க்கடையில். கோலிவாடாவில் ஒரு கடைக்கு அனுப்புகிறார். திரும்பி வந்ததும் பையன் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான், எத்தனை பேர், என்ன சட்டை, எந்த பைக்.

"அதெல்லாம் யாருலே கேட்டா? காசு கொடுக்காமப் போனது யாரு?"

"கவனிக்கல அண்ணாச்சி."

"கடைக்காரன் எவன்கிட்ட காசு கேக்கலையோ, அவன்தான் அந்தத் தெருவுக்குச் சொந்தக்காரன். போ. நாளைக்குப் பாத்துட்டு வா."

மறுநாளும் பையன் போகிறான். ஒன்பது நாள் போகிறான். பத்தாம் நாள் கடைக்காரர் இவனிடமே காசு வாங்கவில்லை. இவன் அண்ணாச்சியின் ஆள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பையன் சந்தோஷமாக ஓடி வந்து சொல்கிறான். அண்ணாச்சி முகம் சுண்டிப்போகிறது, ஏனென்றால் பாடம் அங்கேயே தோற்றுவிட்டது. ஒன்றும் சொல்லாமல் அவனை வேறு கடைக்கு அனுப்புகிறார்.

இரண்டாவது பாடம் கல்யாண வீடு. யாரென்றே தெரியாத ஒரு கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மொய் எழுதாமல், ஒரு போட்டோவிலும் விழாமல் வர வேண்டும். வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாக வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், இலையைப் பார்த்துக் குனிந்து சாப்பிடுகிறவர்களைத் தட்டி நிமிரச் சொல்வார்கள். இசக்கி தப்பிக்கிறான். ஆனால் கை கழுவுகிற இடத்தில் ஒரு பாட்டி பிடித்துக்கொண்டு, "நீ செல்லத்தாயி பேரனா? அதே மூக்கு" என்று கன்னத்தைத் தடவுகிறாள். அவனுக்கு அப்பா அம்மா இல்லை. இவனை யாரோ ஒருவருடைய பேரன் என்று ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. ஆமாம் என்று சொல்லிவிடுகிறான். அண்ணாச்சியிடம் இதை மறைக்கிறான். சீடன் குருவிடம் மறைக்கிற முதல் விஷயம் என்ன என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டால், பாதி நாவல் கையில் வந்துவிட்டது.

பாராட்டை அப்பா மாதிரியே வைத்தேன். "சபாஷ்" என்ற சொல் நாவலில் எங்கும் இல்லை. நன்றாகச் செய்தால் அண்ணாச்சி அடுத்த நாள் இன்னும் கஷ்டமானதைக் கொடுப்பார்.

கடைசிப் பாடம் ஒன்று இருக்கிறது, கொடுக்கப்படாத பாடம். எங்கள் தெற்கத்திப் பக்கம் சிலம்பம், வர்மம் சொல்லித்தருகிற ஆசான்கள் கடைசி வித்தையைக் கைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். உங்கள் கிழவர் எதைக் கைக்குள் வைத்திருக்கிறார்? அதற்குப் பதில் ஒரு அடவாகவோ குறி தப்பாத வித்தையாகவோ இருந்தால் கதை சின்னதாகிவிடும். அண்ணாச்சி வைத்திருப்பது ஒரு பெயர். வேலையைக் கொடுக்கிற மனிதரின் பெயர். அதை அவர் இசக்கியிடம் சொல்லவே மாட்டார். இது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாஷை

மும்பையில் கூலிக்கொலைக்குப் பேசுகிற ஒப்பந்தம் சுபாரி. பாக்கு என்றுதான் அர்த்தம். மாகிமை ஆண்ட பீமன் என்ற ராஜா சபையில் தட்டில் பாக்கு வைப்பானாம், அதை எடுத்தவன் அந்தக் காரியத்தை முடித்துத் தர வேண்டுமாம், அதிலிருந்து வந்த சொல் என்று ஒரு கதை இந்த ஊரில் உண்டு. நம் வீடுகளில் பாக்கு வெற்றிலை மாற்றிவிட்டால் கல்யாணம் நிச்சயம், பேச்சு மாறக்கூடாது. தமிழ் வாசகருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை, அண்ணாச்சி முன்னால் ஒரு தட்டை வைத்தால் போதும், நம் கைக்கே தெரியும்.

மற்றச் சொற்களை அளந்து போடுங்கள். துப்பாக்கிக்கு கோடா, அதாவது குதிரை. லட்சத்துக்குப் பேட்டி, கோடிக்குக் கோக்கா. வரிக்கு ஒன்று போட்டால் அகராதி மாதிரி ஆகிவிடும். நான் நாவல் முழுக்க கோடாவை நாலு இடத்தில் மட்டுமே வைத்தேன்.

அதைவிட உதவுகிற ஒரு உபாயம் உண்டு. எங்கள் ஆட்கள் வீட்டில் நெல்லைத் தமிழ் பேசுவார்கள், தொழிலில் பம்பாய் ஹிந்தி. அண்ணாச்சி தமிழில் பேசினால் அவர் அந்த வீட்டு மனிதர், "சாப்டியாலே" என்பார். "சுன்", அதாவது கேள், என்று ஹிந்தியில் தொடங்கினால் வேலை வந்துவிட்டது. பையன் வயிறு அந்த ஒரு சொல்லிலேயே சுருங்கும். நாவலின் நடுவில் ஒரே ஒரு தடவை அவர் வேலையைத் தமிழில் சொல்கிறார். அந்த இடத்தில் நான் வேறு எந்த விளக்கமும் எழுதவில்லை.

சீடன்தான் சாட்சி

வக்கீல் ஆபீசில் 22 வருஷம் உட்கார்ந்து நான் கற்றது இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்வேன். கூட்டுச் சதிக் கேஸ்களை உடைப்பது பெரும்பாலும் உள்ளே இருந்தவன். அவனுக்குப் பெயர் அப்ரூவர்.

முறை இதுதான். குற்றத்தில் பங்குள்ள ஒருவன், தனக்குத் தெரிந்த அத்தனையையும் மறைக்காமல், உண்மையாகச் சொல்ல ஒப்புக்கொண்டால், கோர்ட் அவனுக்கு மன்னிப்பு தரலாம். அவன் கூண்டேறி, தன் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதையாவது மறைத்தான், பொய் சொன்னான் என்று அரசு வக்கீல் சான்று கொடுத்தால், அந்த மன்னிப்பு போய், அவன்மேலேயே கேஸ் நடக்கலாம். அவன் வாய்ச்சொல் மட்டும் போதாது என்று கோர்ட்டுகள் பார்க்கும், முக்கியமான இடங்களில் வேறு சான்று துணை நிற்க வேண்டும். எந்தச் சாய்க்கடை, எந்தக் கல்யாண மண்டபம், எந்தத் தேதி.

இப்போது பாடங்களைத் திரும்பிப் பாருங்கள். அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் ஒரு தேதியோடு, ஒரு இடத்தோடு பையன் மனசில் இருக்கிறது. ஒன்றையும் மறக்காதே என்று அவனை அடித்துப் பழக்கியவரே அவர்தான். குரு தன் கையால் தனக்கு எதிரான சாட்சியைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார், நல்ல குருவாக இருக்க இருக்க சாட்சி இன்னும் கூர்மையாகிறான். இந்தக் கதைக்கு உள்ளே இருக்கிற பயம் இது. இதைக் கண்டுபிடிக்கும்வரை என் நாவல் மூன்று தடவை பாதியில் நின்றது. கண்டுபிடித்த பிறகு சாதாரணச் சாய்க்கடைக் காட்சிகூட நடுங்க ஆரம்பித்தது.

கொடுக்கப்படாத பாடத்துக்கும் இங்கேதான் பதில். பெயரைச் சொல்லாமல் விட்டது பையனைக் காப்பாற்ற என்று அண்ணாச்சி நினைக்கிறார். கூண்டில் அதுவே பையனின் கழுத்தைப் பிடிக்கிறது. இவ்வளவு தெரிந்தவனுக்கு ஏவியவர் பெயர் மட்டும் தெரியாதா என்று யாரும் நம்பவில்லை. மறைக்கிறான் என்று எழுதிவிடுகிறார்கள்.

சட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களைச் சரியாகப் பிடியுங்கள். ஒன்று, தேதி. 2024 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா. ஜூன் 30 ராத்திரி வரை நடந்த கொலைக்கு 302, பன்னிரண்டு மணி அடித்த பிறகு நடந்ததற்கு 103. நாற்பது வருஷம் "தீன் சௌ தோ" என்ற சத்தத்துக்கு, ஹிந்தியில் முன்னூற்றிரண்டு, பயந்து வாழ்ந்த அண்ணாச்சி, பையன்மேல் போட்ட பிரிவின் எண்ணைக் கேட்டு, அது ஏதோ சின்னக் கேஸ் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்குகிறார். அந்தத் தூக்கத்தை ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

இரண்டாவது, பையனின் வயது. இதை மேலோட்டமாக வைத்துவிடாதீர்கள். 18 முடியாதவன் என்றால் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும். கொலை மாதிரிக் கொடிய குற்றத்தில், 16 முடிந்தவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று வாரியம் முதலில் மதிப்பிடும். அப்போதும் தூக்கு கிடையாது. வயதுக்குப் பள்ளிச் சான்று பார்ப்பார்கள், அது இல்லாவிட்டால் முனிசிபாலிட்டி பிறப்புச் சான்று, எதுவுமே இல்லாவிட்டால்தான் எலும்பு சோதனை. இசக்கி பள்ளிக்கூடம் போனதில்லை. அவன் எப்போது பிறந்தான் என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. எக்ஸ்ரே எடுக்கிற மேசையில் கையை விரித்து வைத்துக்கொண்டு, தன் வயதை முதல் தடவையாக ஒருவர் சொல்லப்போகிறார் என்று ஆவலோடு காத்திருக்கிறான்.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் சாதாரணக் கேஸில் சாட்சியமாகாது. ஆனால் கேங்குகளின் திட்டமிட்ட குற்றங்களை ஒடுக்க 1999இல் வந்த மகாராஷ்டிராவின் மொக்கா சட்டத்தில், குறிப்பிட்ட மேல்நிலை அதிகாரி முன் கொடுத்தது செல்லும். உங்கள் கேங் கதைக்கு எந்தச் சட்டம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால், விசாரணைக் காட்சிகளில் தடுமாற மாட்டீர்கள்.

ஆயுதம்

ஒரு பத்தி போதும். ரிவால்வர் சுட்ட வெற்றுக் கூட்டைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும், பிஸ்டல் வெளியே எறியும். சைலன்சர் போட்டாலும் சத்தம் வரும். இந்த இரண்டிலும் தப்பு விடாமல் இருந்தால் போதும், மிச்சத்தை வாசகரே நிரப்பிக்கொள்வார்.

செத்தவருக்கு ஒரு வீடு

செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருப்பார். எங்கள் கட்சிக்காரர் கொன்றதாகச் சொல்லப்பட்டவரின் மனைவி. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவார், மூன்று அடுக்கு டிபன் கேரியரோடு. மதியம் இரண்டு மணிக்கு அதைத் திறந்து தனியாகச் சாப்பிடுவார். கடைசி அடுக்கை மட்டும் திறக்கமாட்டார். நாலு வருஷம் பார்த்தேன். நான் எதிர்த்தரப்பு வக்கீலின் ஆள், பேசக்கூடாது. ஒரு நாள் தண்ணீர் குழாயடியில் அவரே என்னிடம், "அவருக்குன்னு ஒரு அடுக்கு போட்டுப் பழகிட்டேன், கை கேக்க மாட்டேங்குது" என்றார்.

கூலிக்கொலைக் கதைகளில் செத்தவர்களுக்கு முகம் இருப்பதில்லை என்பது எனக்கு உள்ளபடியே கோபம் தருகிற விஷயம். அண்ணாச்சியும் இசக்கியும் எவ்வளவு பிரியமானவர்களாக வந்தாலும், அவர்கள் கையால் சாகிறவருக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள். அவர் சாவதற்கு முன்னால் கொடுங்கள். எந்த லோக்கலில் வேலைக்குப் போவார், ஹார்பர் லைனா சென்ட்ரலா, வடையை எதில் தொட்டுக்கொள்வார், பெண்ணின் ஃபீஸ் கட்ட எத்தனை நாள் பாக்கி. நான் அந்த அத்தியாயத்தை நாவலின் நட்டநடுவில் வைத்தேன். தொடராக வந்தபோது, கதை நின்றுவிட்டது, அதை எடுத்துவிடலாம் என்று பத்திரிகையிலிருந்து சொன்னார்கள். எடுக்க மறுத்தேன். தொடரில் வராமல் போயிற்று, புத்தகத்தில் திரும்பச் சேர்த்தேன்.

முடிவு

மூன்று முடிவு எழுதினேன். பையன் கிழவரைச் சுடுவது. கிழவர் பையனுக்காகச் சாவது. இரண்டும் நன்றாகத்தான் வந்தன, ஆனால் வேறு யாராவது எழுதினாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று தோன்றியதால் கிழித்துவிட்டேன்.

மூன்றாவது கோர்ட்டில் நடக்கிறது. அதற்குக் கருவாக இருந்தது நான் அடிக்கடி பார்த்த ஒரு சின்ன விஷயம். தமிழ்ச் சாட்சி சொல்வதை மொழிபெயர்ப்பாளர் நீதிபதிக்குச் சொல்வார், அது இங்கிலீஷில் பதிவாகும். நம் உறவுச் சொற்கள் அங்கே போய் மாட்டிக்கொள்ளும். "மாமா" என்றால் அங்கிள், அத்தை புருஷனா, அம்மா கூடப் பிறந்தவரா, பக்கத்து வீட்டுக்காரரா என்று அரை மணி நேரம் குறுக்கு விசாரணை ஓடும். நீங்கள் கோர்ட் காட்சி எழுதினால் ஒரு நாளாவது பார்வையாளராகப் போய் உட்கார்ந்து இதைக் கேளுங்கள்.

இசக்கி கூண்டில் நிற்கிறான். எதிர்க் கூண்டில் அண்ணாச்சி, கண்ணாடி இல்லாமல், பையன் முகம் தெளிவாகத் தெரிகிற தூரத்தில். அரசு வக்கீல் கேட்கிறார், இவர் உங்களுக்கு யார்? பையன் ஒரே சொல்லில் பதில் சொல்கிறான், "அண்ணாச்சி." மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் யோசித்து, "எல்டர் பிரதர்" என்கிறார். டைப்பிஸ்ட் அடித்துவிடுகிறார். அண்ணாச்சியின் வக்கீல் உடனே எழுந்து, சொந்தத் தம்பி என்றால் அதை ஏன் இதுவரை மறைத்தார் என்று பிடிக்கிறார். நீதிபதி பையனைப் பார்த்துக் கேட்கிறார், கூடப் பிறந்தவரா?

கல்யாண வீட்டில் பாட்டியிடம் சொன்ன அதே சொல்லைத்தான் இசக்கி இங்கேயும் சொல்கிறான்.

"ஆமா."

அண்ணாச்சியின் காது அப்படி. அவருக்கு அது கேட்டதா என்று நான் எழுதவில்லை.